அந்த முறைப்பாட்டை நாங்கள் எப்படி முடித்து வைத்தோம்



நீண்ட பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள். குறிப்பாக, பெண் பிள்ளைகளை விளையாட அனுப்புகிற பெற்றோரும் பாடசாலைகளில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருக்கிற ஆசிரியர்களும் வாசியுங்கள்.

பிள்ளையின் பெயர், ஊர், பாடசாலை, வருடம் எதுவும் இதில் இல்லை. தயவுசெய்து கொமெண்டில் யாரும் ஊகிக்க வேண்டாம். பிள்ளையும் அவளுடைய உம்மாவும் இதை வாசித்தார்கள். இரண்டு இடங்களில் வெட்டச் சொன்னார்கள், வெட்டிய பிறகுதான் போடுகிறோம். "நாங்கள்" என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அணிக்குப் பொறுப்பாக இருந்த இரண்டு ஆசிரியைகளும் ஒழுக்காற்றுக் குழுவில் இருந்த ஓர் ஆசிரியருமாக மூன்று பேர் சேர்ந்து செய்த பிழை இது. ஒருவர் மட்டும் எழுதித் தப்பிக்க முடியாது.

எங்கள் பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வலைப்பந்து அணியை உருவாக்க நான்கு வருடம் பிடித்தது. பந்தும் கம்பமும் வாங்குவது பெரிய வேலையில்லை. வீடு வீடாகப் போனதுதான் வேலை. மஃரிபுக்குப் பிறகு இரண்டு பேராகப் போய், தேத்தண்ணி குடித்து, முழுக்கை மேலாடை, நீளக் காற்சட்டை, பின் குத்தாமல் தைத்த ஸ்கார்ப் என்று உடுப்பையே கையில் எடுத்துக் காட்டிப் பேசினோம். ஒரு வாப்பா அந்த ஸ்கார்பை வாங்கி இழுத்துப் பார்த்தார், ஓடும்போது கழறுமா என்று. இன்னொரு வீட்டில் வாப்பா கடைசி வரைக்கும் பிடிகொடுக்கவில்லை. உள்ளேயிருந்து உம்மம்மா, "அவள் ஓடட்டும் மகன், நான் ஓடாம இருந்து என்னத்தக் கண்ட?" என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து விழுந்தது. வகுப்பறைச் சுவரில் தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தை ஒட்டி வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இலங்கை அணி 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அதில் இருந்தவர். எங்கள் பிள்ளைகள் அந்தப் படத்தைத் தாண்டிப் போகும்போது துள்ளிக் கை வைத்துப் பார்ப்பார்கள்.

எங்களில் யாருக்கும் வலைப்பந்து ஒழுங்காகத் தெரியாது. விதிமுறையை யூடியூபில் பார்த்துத்தான் படித்தோம். அதனால் வெளியிலிருந்து ஒரு பயிற்றுவிப்பாளரைக் கூட்டி வந்தோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் போக்குவரத்துச் செலவு கொடுத்தது. அவர் திறமையானவர். இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு நடந்தது விளங்காது. வந்த முதல் வருடமே அணி வலய மட்டத்தில் இரண்டாமிடம். ஊரில் பதாகை கட்டினார்கள். எங்களைக் கண்டால் சலாம் சொல்லாதவர்களும் சலாம் சொன்னார்கள். அவருடைய பின்னணியை நாங்கள் விசாரிக்கவில்லை. இதற்கு முன் எங்கே பயிற்சி கொடுத்தார், அங்கிருந்து ஏன் விலகினார் என்று ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கவில்லை. பிள்ளைகளின் இலக்கங்களையெல்லாம் சேர்த்து வட்ஸ்அப் குழு ஒன்றைத் திறந்து, அவரையும் அதில் போட்டது நாங்கள்தான்.

பிள்ளை தரம் 10. சென்டர் இடத்தில் விளையாடுபவள், மைதானம் முழுக்க ஓடுகிறவள். ஒரு தவணையில் அவள் பயிற்சிக்குப் பிந்தி வர ஆரம்பித்தாள். வயிற்றுவலி என்றாள். டியூசன் என்றாள். சாதாரண தரப் பரீட்சைப் பயம் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

போட்டி ஒன்று முடிந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "மிஸ், கோச் ராவைக்கி மெசேஜ் போடுறாரு."

நாங்கள் கேட்டது: "என்ன, ப்ரெக்டிஸ் பத்தியா?"

"ஓம் மிஸ்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது யோசித்தால், முறைப்பாடு அந்த இடத்தில்தான் வந்தது. அதற்குப் பிறகு அலுவலகத்தில் நடந்ததெல்லாம் இரண்டாம் தடவை. முதல் தடவை அவள் சொன்னபோது, அவள் சொல்ல வேண்டிய பதிலை நாங்களே எடுத்துக் கொடுத்து வாயை மூடினோம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. களைப்பு, வெற்றி பெற்ற சந்தோசம், கேட்க விரும்பாத மனம். கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் பிள்ளை உளவியல் படித்தோம், பாடக்குறிப்பு எழுதினோம், கரும்பலகையில் எந்த மூலையில் திகதி போட வேண்டும் என்பதைக்கூடப் படித்தோம். ஒரு பிள்ளை இப்படி ஒரு வசனத்தைச் சொன்னால் அடுத்த வசனம் எங்களுடையது என்னவாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அல்லது சொல்லித் தந்து நாங்கள் மறந்திருக்கலாம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஃபோனோடு வந்தாள். பயிற்சி நேரம் பற்றித் தொடங்கிய செய்திகள் "தூங்கிட்டியா" என்று மாறி, பிறகு ஸ்கார்ப் இல்லாத படம் ஒன்று கேட்கிற இடத்துக்கு வந்திருந்தன. அவள் பதில் போடாத கிழமைகளில் அவளை வெளியே உட்கார வைத்திருக்கிறார், அல்லது மற்றப் பிள்ளைகள் போன பிறகும் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டிருக்கிறார். சூட் எறியப் பழக்குகிறேன் என்று கைவைத்ததைப் பற்றியும் சொன்னாள். அதற்கு மேல் எழுதுவதற்கு அனுமதியில்லை.

இந்த முறை நாங்கள் நம்பினோம். நம்பிய பிறகு செய்ததுதான் பெரிய பிழை.

அவளைப் பிரதி அதிபரிடம் கூட்டிப்போனோம். சொன்னாள். அவர் அதிபரிடம் கூட்டிப்போனார். மறுபடி சொன்னாள். அன்று பதினொரு மணிக்கு அபிவிருத்திச் சங்கத்தில் இரண்டு பேர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். கோச்சையும் வரச் சொன்னார்கள், "முகத்துக்கு முகம் கேட்டாத்தான் உண்மை வெளங்கும்" என்று. மூன்றாம் தடவை, அந்த ஆளுக்கு முன்னால், ஆண்கள் நிறைந்த அறையில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை சொல்ல வேண்டியிருந்தது. அவள் சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க ஏன் மகள் ரிப்ளை பண்ணின?" என்று ஒருவர் கேட்டார். "நம்பர ஆரு குடுத்த?" என்று இன்னொருவர் கேட்டார். நாங்கள் பக்கத்தில் நின்றோம். நாங்கள்தான் கொடுத்தோம் என்று வாய் திறந்து சொல்லவில்லை.

1999இலேயே இந்த நாட்டில் சான்றுச் சட்டத்தை மாற்றி, பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் பயன்படுத்த வழி செய்திருக்கிறார்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது பிள்ளையை உடைத்துவிடும் என்பது தெரிந்துதான் அதைச் செய்தார்கள். நாங்கள் அன்று காலை எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் மூன்று தடவை சொல்ல வைத்தோம்.

கடைசியில் பெரியவர் ஒருவர், ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பதன் சிறப்பைப் பற்றிய ஹதீஸை நினைவுபடுத்தினார். ஊர்ப் பெயர், பாடசாலைப் பெயர், பிள்ளையின் எதிர்காலம் என்று வரிசையாக வந்தது. பிள்ளையின் எதிர்காலம் என்றால் கலியாணம் என்று அர்த்தம், எல்லாருக்கும் விளங்கியது. தீர்மானம் இப்படி முடிந்தது: கோச் "சொந்தக் காரணங்களுக்காக" விலகுவதாகக் கடிதம் தருவார். அவருக்குச் சேவைக் கடிதம் ஒன்று கொடுக்கப்படும். பெண் பிள்ளைகளின் வலைப்பந்து "தற்காலிகமாக" நிறுத்தப்படும்.

அல்ஹம்துலில்லாஹ், கண்ணியமாக முடிந்தது என்று சொல்லிக் கலைந்தோம். நாங்களும் சொன்னோம்.

பந்துகளைக் களஞ்சிய அறையில் போட்டுப் பூட்டினார்கள். அடுத்த கிழமை அணியில் இருந்த மற்றப் பிள்ளைகள் அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு முழுக் கதை தெரியாது, ஆனால் அவள் ஏதோ சொன்னதால்தான் அணி போனது என்பது தெரியும். ஒருத்தி மேசையில் பேனையால் எழுதி வைத்திருந்தாள், "உன்னாலதான்" என்று. அந்த மேசையைத் துடைத்தவர்கள் நாங்கள். மை முழுக்கப் போகவில்லை.

இதைத்தான் எங்கள் சமூகத்தில் இருக்கிறவர்கள் முன்னால் வைக்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஆண் பிள்ளைகளின் கிரிக்கெட் அணியில் பிரச்சினை வந்தால் கோச்சை மாற்றுவோம், அணி இருக்கும். பெண் பிள்ளைகளின் அணியில் வந்தால் அணியே போகும். வெளியில் அனுப்பியதுதான் பிழை என்று அன்றைக்கே தீர்ப்பாகிவிடும். நான்கு வருடம் வீடு வீடாகப் போய் வாங்கிய கையெழுத்து ஒரே காலையில் செல்லாமல் போகும். பிள்ளைகள் இதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். சொன்னால் பந்து போகும், தோழிகள் போவார்கள், வீட்டுக்கு வெளியே கிடைத்த அந்த இரண்டு மணித்தியாலம் போகும். சொல்லாவிட்டால் அந்த ஆளை மட்டும் சகித்தால் போதும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் வைத்துவிட்டு, "ஏன் முதலே சொல்லல்ல?" என்று கேட்கிறோம்.

பாடசாலை என்பதால்தான் இப்படி, பெரிய இடங்களில் ஒழுங்கு இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதுவும் இல்லை. 2014இல் எங்கள் நாட்டுப் பெண்கள் கிரிக்கெட்டில், தெரிவுக்குப் பதிலாகப் பாலியல் சலுகை கேட்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு பத்திரிகையில் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் தலைமையில் குழு போட்டார்கள். அணி முகாமைத்துவத்தில் இருந்தவர்கள் துன்புறுத்தியதற்குச் சான்று இருப்பதாக 2015 மே மாதம் விளையாட்டுத்துறை அமைச்சே சொன்னது. நாட்டுக்காக ஆடுகிறவர்கள், சம்பளம் வாங்குகிறவர்கள், வயது வந்தவர்கள். அவர்களுடைய கதையே பத்திரிகையில் வந்த பிறகுதான் குழு வரைக்கும் போனது.

அமெரிக்காவில் லரி நசார் என்ற ஜிம்னாஸ்டிக் மருத்துவரின் வழக்கைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018 ஜனவரியில் 150க்கு மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து பேசினார்கள். அதில் லரிசா பொய்ஸ் என்பவர், 1997இல் தனக்குப் பதினாறு வயதாக இருந்தபோதே தன் பயிற்றுவிப்பாளரிடம் சொன்னதாகவும், நீ பிழையாக விளங்கிக்கொண்டாய் என்ற மாதிரிப் பதில் வந்ததாகவும் சொன்னார். பத்திரிகை மூலமாக அந்தக் கதை வெளியே வந்தது 2016இல். இடையில் பத்தொன்பது வருடம். அதை வாசித்தபோது எங்களுக்கு அந்த பஸ் ஜன்னல்தான் ஞாபகம் வந்தது.

ஒரு பக்கக் கதை. ஆட்ட நிர்ணயம் பிடிப்பதற்கு எங்கள் நாட்டில் 2019இல் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள், பத்து வருடம் வரைக்கும் சிறை. நல்லது, வேண்டியதுதான். விளையாட்டில் காசுக்கு நடக்கிற அநியாயத்துக்குக் காட்டிய அவசரத்தை, பிள்ளைக்கு நடக்கிற அநியாயத்துக்கும் பாடசாலை மைதானம் வரைக்கும் வருகிற மாதிரி யாராவது காட்டினால் இன்னும் நல்லது.

கதைக்கு வருகிறோம். ஒரு வருடம் கழித்து வலய மட்ட மெய்வல்லுநர் போட்டிக்குப் போயிருந்தோம். வெயில், தூசி, ஒலிபெருக்கிச் சத்தம். எதிர்ப்பக்கக் கூடாரத்தில் வேறொரு பாடசாலையின் டிரக் சூட்டோடு அவர் நின்றார். கழுத்தில் விசில். சுற்றி எட்டுப் பத்துப் பெண் பிள்ளைகள், எல்லாம் தரம் 8, 9 இருக்கும். எங்களைக் கண்டு கையை நெஞ்சில் வைத்துச் சலாம் சொன்னார்.

அந்தப் பாடசாலைக்கு அவர் எப்படிப் போயிருப்பார் என்று கேட்கத் தேவையில்லை. நாங்கள் கொடுத்த சேவைக் கடிதம். அதில் "அர்ப்பணிப்புடன் பணியாற்றியவர்" என்று எழுதியது எங்களில் ஒருவரின் கை. கடிதத் தமிழ் நன்றாக வரும் என்று அவரிடம் எழுதக் கொடுத்திருந்தார்கள்.

அன்று இரவு மூன்று பேரும் நித்திரை கொள்ளவில்லை. அடுத்த நாள் பாடசாலையில் இஸ்லாம் பாடம் எடுக்கும் மௌலவியா ஒருவரிடம் அந்த ஹதீஸைப் பற்றிக் கேட்டோம். அவர் கொஞ்சம் கோபத்தோடுதான் சொன்னார். குறையை மறைப்பது என்பது வழுக்கி விழுந்து வெட்கப்படுகிற ஒருவருக்கு, மற்றவர்களுக்குத் தீங்கு செய்து திரிகிறவனுக்கு அல்ல, அப்படிப்பட்டவனைப் பொறுப்பானவர்களிடம் அறிவிக்க வேண்டும் என்று இமாம் நவவியே முஸ்லிமுடைய விரிவுரையில் பிரித்துச் சொல்லியிருக்கிறார் என்றார். "ஒரு வருசத்துக்கு முந்தி இத என்னிட்ட வந்து கேட்டிருக்கலாமே" என்றும் கேட்டார். அன்று அந்த அறைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அந்த அறையில் இருந்த பெண்கள் அந்தப் பிள்ளையும் நாங்கள் இரண்டு பேரும் மட்டும்தான். நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை என்று ஏற்கெனவே எழுதிவிட்டோம்.

முதலில் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். முன்பு கையெழுத்து வாங்கப் போன அதே வீடு. அதே கதிரை. உம்மா தேத்தண்ணி தரவில்லை, அது நியாயம். நாங்கள் செய்த பிழையைச் சொன்னோம், மன்னிப்புக் கேட்டோம், அந்த ஆளைக் கண்டதைச் சொன்னோம். முறைப்பாடு செய்யப் போகிறோம், உங்கள் மகள் விரும்பாவிட்டால் அவளுடைய பெயர் எங்கள் வாயிலிருந்து வராது என்றோம். உம்மா பேசவில்லை. அறைக்குள்ளேயிருந்து பிள்ளைதான் வெளியே வந்து கேட்டாள்: "அங்கெயும் சென்டர் ஆரும் இருப்பாதானே மிஸ்?"

அடுத்த நாள் 1929க்கு எடுத்தோம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், 24 மணித்தியாலமும் வேலை செய்யும், காசு போகாது, தமிழிலும் பேசலாம். இந்தச் சபை 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. எங்கள் பாடசாலை அலுவலகச் சுவரில் அதன் சுவரொட்டி இருக்கிறது. அந்தக் கூட்டம் நடந்த அறையின் சுவரிலும் இருந்தது. அழைப்பை எடுத்தவர் நிதானமாகக் கேட்டார். பிள்ளையை இனி நாங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம் என்றார். செய்திகளை அழிக்க வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், அந்த ஆளிடம் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம் என்றார். நாங்கள் ஒரு வருடத்துக்கு முன் செய்த ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரான புத்திமதி. ஃபோனை வைத்த பிறகு எங்களில் ஒருவர் அழுதுவிட்டார்.

உம்மாவின் பழைய ஃபோனில் செய்திகள் அப்படியே இருந்தன. அவள் தன் வாக்குமூலத்தைப் பெண் உத்தியோகத்தர் ஒருவரிடம் உம்மா பக்கத்தில் இருக்க ஒரே தடவையில் சொன்னாள். அந்த மற்றப் பாடசாலையிலிருந்து அவர் அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. விசாரணை நடக்கிறது, அதனால் இதற்கு மேல் எழுத மாட்டோம். சேவைக் கடிதம் எங்களுடையது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டோம். அதற்காக எங்களுக்கு என்ன வந்தாலும் வரட்டும். அதிபரும் பெரியவர்களும் எங்களோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஊருக்குள் "டீச்சர்மார் ஊர வித்துட்டாங்க" என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அது சொல்கிறவர்களுக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்தத் தவணை களஞ்சிய அறையைத் திறக்கச் சொல்லிக் கேட்டோம். பந்து இரண்டுக்குக் காற்று இறங்கியிருந்தது, மற்றது பரவாயில்லை. வலைப்பந்து தெரிந்த ஓர் ஆசிரியை பக்கத்துப் பாடசாலையிலிருந்து செவ்வாயும் வியாழனும் வருகிறார். அவரைக் கூப்பிட முன் அவர் இதற்கு முன் வேலை செய்த இடங்களுக்கு எடுத்துக் கேட்டோம். அவருக்கு அது பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. பரவாயில்லை. வட்ஸ்அப் குழுவில் இப்போது பிள்ளைகள் இல்லை, உம்மாமார் இருக்கிறார்கள். தனியாக எந்தப் பிள்ளைக்கும் செய்தி போவதில்லை, எங்களிடமிருந்தும் போவதில்லை.

கூப்பிட்ட பதினெட்டுப் பேரில் ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள். முதல் நாள் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து 1929ஐ மனப்பாடம் சொல்ல வைத்தோம். முடிந்ததும் தரம் 8 பிள்ளை ஒருத்தி கை தூக்கினாள்.

"மிஸ், நாங்க ஏதும் சென்னா டீம நிப்பாட்டுவீங்களா?"

நிப்பாட்ட மாட்டோம் என்றோம். அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை. அதனால் ஒரு கடிதம் எழுதினோம். யார் மீது என்ன முறைப்பாடு வந்தாலும் அந்த ஆளை அன்றே மைதானத்திலிருந்து விலக்குவது, 1929க்கு அறிவிப்பது, அணியை ஒரு நாளும் நிறுத்தாதிருப்பது. ஒரு பக்கம்தான். அதில் அதிபரும் அபிவிருத்திச் சங்கமும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று கிழமையாக அது அதிபரின் மேசையில் இருக்கிறது. "பாப்பம் டீச்சர்" என்கிறார். திங்கட்கிழமை மறுபடி போகிறோம். இந்த முறை உம்மாமாரும் வருகிறார்கள். அந்தப் பிள்ளையின் உம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.